நம் குரலின் சாவி யாரிடம்?

கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் அமெச்சூர் வானொலி எதற்கு என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. புயலோ நிலநடுக்கமோ வந்து கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழக்கும்போது ‘ஹாம்’ என்கிற சொல் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது; வெள்ளம் வடிந்ததும் அதுவும் வடிந்துவிடுகிறது. ஆனால், இந்தப் பொழுதுபோக்கின் உள்ளே கடந்த கால் நூற்றாண்டில் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. வானலையில் பயணம் செய்யும் மனிதக் குரல், எண்களின் வரிசையாக மாறிவருகிறது. அந்த எண்களை மறுபடியும் குரலாக்கும் வழிமுறை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது.

இது வானொலிப் பித்தர்களின் உள்விவகாரம்போலத் தோன்றலாம். பொதுச் சொத்தான அலைக்கற்றையை யார், எதற்காகப் பயன்படுத்துவது, பேரிடர் நேரத்தில் எந்தக் கருவியை நம்புவது, காசு கொடுத்து வாங்கிய கருவியைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டா ஆகிய மூன்றும் இதில் வந்து சந்திக்கின்றன. ஆகவே, உரிமம் பெற்று வானலையில் பேசிவரும் ஒருவன் என்கிற முறையில், டிஜிட்டல் குரலில் எதை, ஏன் விரும்புகிறேன் என்பதை விளக்க முற்படுகிறேன்.

உரிமத்தின் பொருள்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள் அமெச்சூர் சேவைக்கு ஒரு வரையறை தருகின்றன. தனக்குத்தானே பயிற்சி பெறுவது, பிறரோடு தொடர்புகொள்வது, தொழில்நுட்ப ஆய்வில் ஈடுபடுவது ஆகியவற்றுக்காக, பண ஆதாயம் கருதாமல், தனிப்பட்ட ஆர்வத்தால் மட்டும் செயல்படுவோரின் சேவை அது. இந்த வரையறையில் முதலில் வருவது பயிற்சி. பேசுவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அதே விதிமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன: இரு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கு இடையிலான ஒலிபரப்பில், பொருளை மறைக்கும் நோக்கத்துடன் எந்தக் குறியீட்டையும் பயன்படுத்தக் கூடாது. அதாவது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதே இந்தச் சேவையின் அடிப்படை.

இந்தியாவில் 12 வயது நிறைந்த எவரும் இதற்கான தேர்வை எழுதலாம். மின்னணுவியல், அலை பரவல், விதிமுறைகள் ஆகியவற்றில் கேள்விகள் இருக்கும். தேர்ச்சி பெற்று, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் உரிமம் கிடைத்த பிறகே ஓர் அழைப்புக் குறி ஒதுக்கப்படும். ஒரு சிறுமியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் கட்டணப் போட்டியின்றிப் பயன்படுத்த முடிகிறது என்றால், கற்றுக்கொள்வோருக்கு அரசும் உலக நாடுகளும் கொடுத்திருக்கும் சலுகை அது. ஏலத்தில் கோடிகளுக்கு விலைபோகும் பொருள் அலைக்கற்றை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சலுகையின் மதிப்பு புரியும்.

கையால் கட்டிய வானொலி

பழைய முறைகளில் கற்றலுக்கான வாசல் திறந்தே இருந்தது. பண்பலை என்று நாம் அழைக்கும் எஃப்.எம். முறையில், குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலையின் அதிர்வெண் சற்றே கூடிக் குறைகிறது. ஒற்றைப் பக்கப்பட்டை என்னும் எஸ்.எஸ்.பி. முறையில், குரலின் அலைவடிவம் அப்படியே உயர் அதிர்வெண்ணுக்கு இடம்பெயர்க்கப்படுகிறது. இரண்டிலும் நடப்பது இயற்பியல். அதை ஒரு பள்ளி மாணவர் தாளில் வரைந்து காட்டிவிட முடியும். கடைத்தெருவில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களையும் மின்தேக்கிகளையும் கொண்டு கருவியையே செய்துவிடவும் முடியும்.

அதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ என்னும் எஸ்.எஸ்.பி. கருவி, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளியானது. விலையுயர்ந்த இறக்குமதிப் பாகங்களைத் தவிர்த்து, எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்டும்படி அதை அவர் அமைத்தார். கம்பிச்சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர்கூடப் போதும் என்று காட்டினார். மின்சுற்றின் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதை எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் அதைக் கட்டினார்கள்; மாற்றினார்கள்; மேம்படுத்தினார்கள். அமெச்சூர் சேவையின் வரையறை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

குரல் எண்ணாகும் விதம்

டிஜிட்டல் முறையில் நடப்பது முற்றிலும் வேறு. வழக்கமான டிஜிட்டல் தொலைபேசி, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்களாக எழுதுகிறது. ஒரு நொடிப் பேச்சுக்கு 64,000 பிட்கள் தேவை. அமெச்சூர் வானொலியின் குறுகிய அலைவரிசையில் இவ்வளவுக்கு இடமில்லை. அதனால், ஒரு குரல் குறியாக்கி – ‘கோடெக்’ – நடுவில் புகுகிறது. அது குரலைத் துண்டு துண்டாக நறுக்கி ஆராய்கிறது. ஒவ்வொரு துண்டும் 20 மில்லி நொடி நீளம் கொண்டது. நொடிக்கு 50 துண்டுகள்.

ஒவ்வொரு துண்டிலும் அது கேட்கும் கேள்விகள் சில. தொண்டை அதிர்கிறதா, இல்லையா? அதிர்ந்தால் எந்தச் சுருதியில்? வாய், நாக்கு, மூக்கு ஆகியவை சேர்ந்து அந்த ஒலிக்கு என்ன வடிவம் கொடுக்கின்றன? எவ்வளவு சத்தம்? தொண்டையில் கைவைத்து ‘ஆ’ என்று சொன்னால் அதிர்வு தெரியும். ‘ஸ்’ என்று சொன்னால் தெரியாது. குறியாக்கி இந்த வேறுபாட்டைத்தான் எண்ணாக எழுதுகிறது. எழுத்துகள் உடலில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விவரிக்கிறது. அந்த விவரிப்பை ஒரு பொறி நொடிக்கு 50 முறை எண்களில் செய்வதாகக் கொள்ளலாம். மறுமுனையில் இருக்கும் கருவி, அந்த விவரிப்பைப் படித்து ஒரு குரலை புதிதாக உருவாக்குகிறது. நாம் கேட்பது நண்பரின் குரலைப் போலவே ஒலிக்கும். ஆனால், குறிப்பைப் பார்த்து மறுபடியும் வரையப்பட்ட ஓவியம் அது.

இந்த உத்தியால் 64,000 பிட்கள் செய்த வேலையை 2,400 பிட்கள் செய்துவிடுகின்றன. ஒரு துண்டுக்கு 1,280 பிட்கள் தேவைப்பட்ட இடத்தில் 48 பிட்கள் போதுமாகின்றன. வழியில் இரைச்சலால் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்வதற்காகக் கூடுதல் பிட்கள் சேர்க்கப்படுகின்றன. சந்தேகமே இல்லை, இது பொறியியலின் பெரும் சாதனை.

மூன்று குடும்பங்கள்

அமெச்சூர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிஜிட்டல் குரல் முறைகள் மூன்று. முதலாவது டி-ஸ்டார். ஜப்பான் அமெச்சூர் வானொலிக் கழகம் 1990களின் பிற்பகுதியில் ஆய்வைத் தொடங்கி, 2001இல் இதை வெளியிட்டது. அமெச்சூர்களுக்காகவே உருவாக்கப்பட்ட முறை இது. நொடிக்கு 4,800 பிட்கள். அவற்றில் 3,600 குரலுக்கும் அதன் பிழைத்திருத்தத்துக்கும், 1,200 எழுத்துச் செய்தி, இருப்பிடம் போன்ற தரவுகளுக்கும். வழக்கமான எஃப்.எம். பேச்சுக்குச் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படும்போது, டி-ஸ்டாருக்கு 6.25 கிலோஹெர்ட்ஸ் போதும்.

இரண்டாவது டி.எம்.ஆர். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005இல் வெளியிட்ட இந்தத் தரம், கட்டுமானத் தளங்கள், தொழிற்சாலைகள் போன்ற வணிகப் பயன்பாடுகளுக்காகப் பிறந்தது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை நேரத்தால் இரண்டாகப் பிரித்து, 30 மில்லி நொடிக்கு ஒருமுறை மாறி மாறி இரு உரையாடல்களைக் கொண்டுசெல்கிறது. வணிகச் சந்தை பெரியது என்பதால் கருவிகளின் விலை குறைவு. அதனாலேயே அமெச்சூர்களிடமும் பரவியது. மூன்றாவது, ஜப்பானின் யேசு நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம் ஃப்யூஷன். எஃப்.எம்., டிஜிட்டல் இரண்டையும் ஒரே ரிப்பீட்டர் தானாக அறிந்து ஏற்கும் என்பது இதன் வசதி.

இவற்றின் பயன்களைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எதிர்முனையில் இருப்பவரின் அழைப்புக் குறி திரையில் தெரிகிறது. இரைச்சல் இல்லாத பேச்சு கிடைக்கிறது. ரிப்பீட்டர்கள் இணையத்தின் வழியே பிணைக்கப்பட்டிருப்பதால், ஐந்து வாட் கைக்கருவியிலிருந்து இன்னொரு கண்டத்தோடு பேச முடிகிறது. அருகில் ரிப்பீட்டரே இல்லாதவர்கள், உள்ளங்கை அளவுள்ள கணினிப் பலகையில் ‘ஹாட்ஸ்பாட்’ ஒன்றை அமைத்து, மில்லிவாட் கணக்கிலான திறனிலேயே வலையமைப்பில் சேர்ந்துவிடலாம். மொட்டைமாடியில் ஆண்டெனா வைக்க அனுமதி கிடைக்காத அடுக்ககவாசிகளுக்கும், கோபுரம் ஏற முடியாத முதியவர்களுக்கும் இது பெரும் வரம். நானும் இந்த வசதிகளை அனுபவிப்பவன்தான்.

எனினும், இந்த மூன்று குடும்பங்களும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. ஒரே தெருவில் மூவர் மூன்று வகைக் கருவிகளை வாங்கினால், அவர்களுக்கு இடையே பேச்சு நடக்க எஃப்.எம். முறைக்குத் திரும்ப வேண்டும். அல்லது இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு கணினி மொழிபெயர்க்க வேண்டும்.

இரைச்சலின் நன்மை

எஃப்.எம். கேட்பவர்களுக்கு ஓர் அனுபவம் பழக்கமானது. நிலையம் தொலைவாகப் போகப் போக இரைச்சல் படிப்படியாகக் கூடும். குரல் அதனடியில் மங்கும். ஆனாலும், பழகிய காது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெயரையோ எண்ணையோ பிடித்துவிடும். டிஜிட்டலில் அப்படியில்லை. பிழைத்திருத்தம் சமாளிக்கும் எல்லைவரை குரல் தெளிவாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் சொற்கள் உடைந்து, இயந்திர முனகலாகிப் பிறகு அமைதியாகிவிடும். பள்ளத்தின் விளிம்புவரை சமதளமாக இருக்கும் பாதையைப் போன்றது இது. விளிம்பு நெருங்குகிறது என்று இரைச்சல் கொடுக்கும் எச்சரிக்கை இங்கே கிடைப்பதில்லை. எஃப்.எம். கேட்கும்போது ஆண்டெனாவைச் சற்றே திருப்பினால் இரைச்சல் குறைகிறதா என்று காதாலேயே அறியலாம். டிஜிட்டலில் அந்த வழிகாட்டுதலும் இல்லை.

இரண்டாவது சிக்கல், இணையத்தைச் சார்ந்திருப்பது. டிஜிட்டல் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகவோ, உள்ளூர் ரிப்பீட்டர் வழியாகவோ இணையம் இல்லாமலும் பேசக்கூடியவையே. ஆனால், பயனர்களின் பழக்கம் வேறாக இருக்கிறது. ஹாட்ஸ்பாட் வழியாக மட்டுமே பேசிப் பழகிய ஒருவருக்கு, வீட்டு இணையம் நின்றால் வானொலியும் நின்றுவிடுகிறது. தன் ஆண்டெனாவால் எத்தனை கிலோமீட்டர் எட்ட முடியும் என்பதையே அவர் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்.

2004 டிசம்பர் 26 அன்று இது எவ்வளவு முக்கியம் என்பது அந்தமானில் தெரிந்தது. தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும், நீண்ட இடைவெளிக்குப் பின் கிடைத்த அனுமதியில் ஒலிபரப்புவதற்காக அப்போது போர்ட் பிளேரில் இருந்தார்கள். ஆழிப்பேரலை தீவுகளின் தொடர்பைத் துண்டித்தபோது, அந்தக் குழுவின் வானொலி நிலையம் பெருநிலத்துக்குச் செய்திகளைக் கொண்டுசேர்த்தது. உலக ஹாம்களோடு பேசி மகிழ எடுத்துச்சென்ற கருவிகள், உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்தவர்களுக்குப் பதில் தரும் கருவிகளாக மாறின. 2001 ஜனவரியில் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் ஹாம்கள் இதே வகைப் பணியைச் செய்தார்கள். ஓர் ஆண்டெனா, ஒரு மின்கலம், வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஆகியவையே அங்கே தேவைப்பட்டன. நடுவில் யாருடைய கணினியும் இருக்கவில்லை.

பூட்டிய சில்லு

மூன்றாவது சிக்கலே என்னை மிகவும் உறுத்துகிறது. டி-ஸ்டார், டி.எம்.ஆர்., ஃப்யூஷன் மூன்றும் வெவ்வேறு மொழிகளில் பேசினாலும், மூன்றின் உள்ளும் இருப்பது ஒரே அமெரிக்க நிறுவனத்தின் குறியாக்கிக் குடும்பம். டிஜிட்டல் வாய்ஸ் சிஸ்டம்ஸ் என்னும் அந்த நிறுவனத்தின் ‘ஏ.எம்.பி.இ.’ தொழில்நுட்பம், காப்புரிமைகளாலும் உரிம ஒப்பந்தங்களாலும் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்த விரும்பும் அமெச்சூர், நிரல் எழுதப்பட்ட சில்லு ஒன்றை விலைக்கு வாங்கிக் கருவியில் பொருத்த வேண்டும். உள்ளே குரல் போகிறது. எண்கள் வெளியே வருகின்றன. நடுவில் நடப்பதைப் பார்க்கவோ மாற்றவோ வழியில்லை.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சில்லை யாரும் வாங்கலாம் என்பதால், பொருளை மறைக்கும் குறியீடு என்று இதைச் சொல்ல முடியாது. டி-ஸ்டாரை வடிவமைத்தவர்களையும் குறைகூற மாட்டேன். அன்றைக்கு இவ்வளவு குறைந்த வேகத்தில் நன்கு புரியும்படி பேசக்கூடிய, எல்லாருக்கும் திறந்த குறியாக்கி அவர்கள் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. கிடைத்ததைக் கொண்டு ஒரு சேவையைக் கட்டினார்கள்.

‘கருவியில் இருக்கும் எல்லாச் சில்லுகளையும் நீயா செய்கிறாய்? இதற்கு மட்டும் ஏன் இந்தப் புலம்பல்?’ என்று ஹாம் நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஒரு பெருக்கிச் சில்லு பழுதானால் வேறொரு நிறுவனத்தின் சில்லைப் போடலாம்; ஒன்றுமே கிடைக்காவிட்டால் நான்கு டிரான்சிஸ்டர்களால் அந்த வேலையைச் செய்யலாம். அது செய்யும் வேலை எல்லாருக்கும் தெரிந்தது. குறியாக்கி அப்படிப்பட்டதல்ல. அது இரு முனைகளுக்கும் இடையிலான மொழி. அந்த மொழியின் இலக்கணம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், மற்றவர்கள் அனைவரும் அவரிடம் சாவி வாங்கித்தான் பேச வேண்டும். பிட்எக்ஸைக் கட்டிய மாணவர் மின்சுற்றின் இறுதிவரை சென்று கற்க முடிந்தது, டி.எம்.ஆர். கைக்கருவியைத் திறக்கும் மாணவர், மிக முக்கியமான இடத்தில் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்.

திறந்த வழி

இந்தப் பூட்டுக்கு மாற்று தேடியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ். 1990களில் குரல் குறியாக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர். அந்த அறிவைக் கொண்டு, 2010 வாக்கில் ‘கோடெக் 2’ என்னும் திறந்த மூலக் குறியாக்கியை உருவாக்கத் தொடங்கினார். நொடிக்கு 3,200 பிட்களில் தொடங்கி 700 பிட்கள்வரை பல வேகங்களில் அது இயங்குகிறது. அதன் நிரல் வரிகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், தம் கருவியில் பயன்படுத்தலாம்.

கோடெக் 2 இரண்டு வழிகளில் வானலையை எட்டியது. ஒன்று, ‘ஃப்ரீடிவி’. எஸ்.எஸ்.பி. கருவியோடு ஒரு கணினியை இணைத்து, அதே அகலத்துக்குள் சிற்றலையில் டிஜிட்டல் குரலை அனுப்பும் மென்பொருள் அது. சிற்றலை என்பது கடல் கடந்து, எந்த ரிப்பீட்டரும் இணையமும் இன்றித் தொடர்புகொள்ள உதவும் அலைவரிசை. அங்கே சமிக்ஞை நிமிடத்துக்கு நிமிடம் எழுந்து தாழும். ஆகவே, டிஜிட்டல் குரலுக்கு மிகக் கடினமான களமும் அதுவே. அண்மை ஆண்டுகளில் இந்தத் திட்டம் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தி, குரல் குறியாக்கத்தையும் அலைப் பண்பேற்றத்தையும் ஒன்றாகப் பயிற்றுவிக்கும் புதிய முறையைச் சோதித்துவருகிறது. அதன் நிரலும் திறந்தே இருக்கிறது.

மற்றொன்று, ‘எம்-17’. 2019இல் போலந்தைச் சேர்ந்த வோய்செக் காச்மார்ஸ்கி தொடங்கிய இந்த முறை, வார்சாவில் அவர்களது வானொலி மன்றம் அமைந்திருந்த மொகோடோவ்ஸ்கா தெருவின் 17ஆம் எண் கட்டடத்திலிருந்து பெயர் பெற்றது. கைக்கருவிகளுக்கான அலைவரிசைகளில் டி.எம்.ஆர். செய்யும் வேலையை முழுக்கத் திறந்த வழிமுறையில் செய்வதே அதன் நோக்கம். குறியாக்கி கோடெக் 2. விதிமுறை ஆவணம் எல்லாருக்கும் பொது. எழுதி வைக்கப்பட்ட எண்ணுக்குப் பதிலாக அழைப்புக் குறியே முகவரியாகச் செல்கிறது, ஆகவே, டி.எம்.ஆரில் உள்ளதுபோல் ஏழு இலக்க அடையாள எண் ஒன்றைப் பதிவுசெய்து பெற வேண்டிய அவசியமும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். எம்-17 பேசும் ஆயத்தக் கருவிகள் கடைகளில் அரிது. சில வகை டி.எம்.ஆர். கைக்கருவிகளின் மென்பொருளை மாற்றி, உள்ளே சிறிது பற்றவைப்பு வேலையும் செய்து பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பேசுவதற்கு ஆளும் குறைவு. பொதுவான அலைவரிசையில் ஒரு மாலை முழுவதும் அழைத்தும் பதில் வராமல் போகலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது உகந்ததன்று.

என் தேர்வு

எதற்கு எந்த முறை என்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. பேரிடரின் முதல் மணிநேரத்துக்கு, உள்ளூரில் எஃப்.எம்.; தொலைதூரத்துக்குச் சிற்றலையில் எஸ்.எஸ்.பி. எவரிடமும் இருக்கும் கருவி எதுவோ, எவர் காதுக்கும் கேட்கும் முறை எதுவோ, அதுவே அப்போது சிறந்தது. என் கைக்கருவியின் முதல் அலைவரிசையை எஃப்.எம்.முக்கே ஒதுக்கியிருக்கிறேன். அன்றாடப் பேச்சுக்கு டி.எம்.ஆர். மலிவானது, நண்பர்களில் பலர் அங்கே இருக்கிறார்கள், பூட்டிய சில்லு பிடிக்கவில்லை என்பதற்காக நண்பர்களைத் துறக்க மாட்டேன். கற்பதற்கும் கட்டுவதற்கும் கோடெக் 2 சார்ந்த முறைகள். எனக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் பெரும்பகுதியை மூன்றாவதுக்கே செலவிடுகிறேன்.

வலையமைப்பில் பேசும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறேன். உள்ளூர் நண்பருடன் பேச உலகளாவிய பேச்சுக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் பல நாடுகளில் ரிப்பீட்டர்கள் விழித்தெழுந்து மற்றவர்களின் பேச்சை மறித்துவிடும். ஒருவர் முடித்ததும் இரண்டொரு நொடி இடைவெளி விடுகிறேன். அவசரச் செய்தி வைத்திருப்பவர் உள்ளே வர அந்த இடைவெளிதான் வாசல். கருவி என் அழைப்புக் குறியைத் தானே அனுப்பினாலும், வாயாலும் சொல்கிறேன். திரையைப் பார்க்க இயலாதவர்களும், பார்வைக் குறைபாடு உள்ள ஹாம்களும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

தமிழுக்கு ஒரு சோதனை

திறந்த குறியாக்கியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் நம் மொழி. குறைந்த வேகத்தில் குரலைச் சுருக்கும்போது, ஒலிகளின் நுண்ணிய வேறுபாடுகளே முதலில் தேய்கின்றன. தமிழில் ல, ள, ழ மூன்றும் பொருளையே மாற்றுபவை. ஒலி, ஒளி, ஒழி என்று மூன்று சொற்களையும் குறைந்த வேகக் குறியாக்கத்தில் அனுப்பி, மறுமுனையில் இருக்கும் நண்பரிடம் எது எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆங்கில எழுத்துகளைப் பிழையின்றிச் சொல்ல ‘ஆல்ஃபா, பிராவோ’ என்று ஒரு பட்டியல் உண்டு. தமிழ் எழுத்துகளுக்கு எல்லாரும் ஏற்ற அத்தகைய பட்டியல் எங்களுக்குள் வழக்கில் இல்லை. சாதாரண அரட்டையில் இது சிரிப்பதற்கான செய்தி. வெள்ளத்தில் சிக்கியவரின் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது அப்படியன்று.

பூட்டிய சில்லில் இந்தக் குறை இருந்தால் அதைப் பற்றி நாம் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். கோடெக் 2இல் இருந்தால் ஒரு கல்லூரி மாணவர் நிரலைத் திறந்து, எந்த அளவுருவுக்கு எத்தனை பிட்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கலாம். தமிழ்ப் பேச்சை உள்ளீடாகக் கொடுத்துச் சோதிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம், பலன் கிடைத்தால் உலகுக்கே திருப்பிக் கொடுக்கலாம். மின்னணுவியல், கணினி அறிவியல், மொழியியல் ஆகிய மூன்று துறை மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து செய்யத்தக்க ஆய்வு இது. அதற்குத் தேவைப்படுவது ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர்.

எது பணயம்?

அலைக்கற்றைக்கு எப்போதும் போட்டி உண்டு. 2019இல் ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பில் பிரான்ஸ் ஒரு முன்மொழிவை வைத்தது. உலகெங்கும் அமெச்சூர்கள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வானூர்திச் சேவைக்கும் வழங்கலாமா என்று ஆராய வேண்டும் என்பது அது. ஹாம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. இத்தகைய கேள்வி மீண்டும் எழாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த முறை எழும்போது, இந்த அலைவரிசையை உங்களிடம் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று கேட்பார்கள். ‘பேசி மகிழ்கிறோம்’ என்பது போதுமான விடையாக இருக்காது. பேசி மகிழக் கைப்பேசியே போதும் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ‘இங்கே கற்கிறோம், கட்டுகிறோம், மற்ற எல்லாம் நின்ற பிறகும் பேசுவது எப்படி என்று பழகுகிறோம்’ என்பதே செல்லுபடியாகும் விடை. அந்த விடை உண்மையாகவும் இருக்க வேண்டும்.

அதற்குச் செய்யக்கூடியவை பல. பொறியியல் கல்லூரிகளில் வானொலி மன்றங்களைத் தொடங்கி, மாணவர்களைத் தேர்வெழுதத் தூண்டலாம். கடலோர மாவட்டங்களின் பேரிடர் ஒத்திகைகளில் உள்ளூர் ஹாம்களைச் சேர்த்து, இணையத்தை வேண்டுமென்றே அணைத்துவிட்டுச் செய்தி அனுப்பும் பயிற்சியை நடத்தலாம். புதிதாக ரிப்பீட்டர் அமைக்கும் மன்றங்கள், எந்த டிஜிட்டல் முறையைத் தேர்ந்தாலும் எஃப்.எம்.மும் அதில் வேலைசெய்யும்படி பார்த்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கருவி வாங்க நினைக்கும் புதியவர்கள், விலையையும் திரையின் அழகையும் பார்ப்பதோடு, அதன் மென்பொருளை மாற்ற முடியுமா என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் விற்பவர்கள் யோசிப்பார்கள்.

டிஜிட்டல் குரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்துவிட்டது, இன்னும் வளரும். அந்த வளர்ச்சியில் அமெச்சூர்கள் வெறும் நுகர்வோராக இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. தேர்வெழுதி உரிமம் பெறும் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் குரல் எப்படி எண்ணாகி, அலையாகி, மறுபடியும் குரலாகிறது என்று கேட்டால், ‘அது சில்லுக்குள் நடக்கிறது’ என்பதோடு நம் பதில் முடிந்துவிடக் கூடாது. நிரலை அவள் முன்னால் திறந்து வைத்து, ‘இதோ இந்த வரியில் நடக்கிறது, மாற்றிப் பார்’ என்று சொல்ல நம்மால் முடிய வேண்டும்.